பதினோரு படிச் சத்தம்

பைண்டிங் அக்கா பயிற்சிப் பாயில் விழுந்தால் அங்கே சத்தம் வராது. மூன்று தெரு தள்ளி, அச்சக சூப்பர்வைசர் வீட்டில், அவர் சாப்பிடும் மேசைக்கு அடியில் வரும். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு நிற்கும். அந்தப் பக்கத்தில் சிலர் இதை வைத்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறார்கள்.

அவள் அந்த அச்சகத்தின் மேல்மாடியில் பதினெட்டு வருடம் புத்தகம் தைத்தவள். ஒருமுறை முந்நூறு புத்தகங்கள் அட்டை தலைகீழாக ஒட்டப்பட்டு வெளியே போய்விட்டன. அப்படி ஒட்டச் சொன்னது சூப்பர்வைசர். பழி விழுந்தது இவள் தலையில். நியாயம் கேட்கப் போனவளை அவர் மாடிப்படி உச்சியில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். பதினோரு படி. வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகவே கூடியது. விபத்து அறிக்கையில் ‘கால் இடறி விழுந்தார்’ என்று எழுதினார்கள். கண்ணால் பார்த்த ஆறு பேரும் கமுக்கமாகக் கையெழுத்துப் போட்டார்கள். காகிதம் மடிக்க முடியாத கை எதற்கு என்று வேலையும் போயிற்று. கை போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அந்தக் ‘கால் இடறி’யைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் தள்ளப்பட்டவள் என்பதை ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும், தள்ளியவனை ஒருமுறையாவது தரையில் போட வேண்டும். டயர் கடை மாடியில் நடந்த அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை வகுப்பில் அவள் சேர்ந்தது இதற்காகத்தான், மன அமைதிக்காக அல்ல.

வகுப்பை நடத்தியவள் ஒரு பல் டாக்டர், இவளைவிடப் பத்து வயது சின்னவள். முதல் அரைமணி நேரம் மூச்சை எண்ணிக்கொண்டு மெல்ல நடக்க வேண்டும். பிறகு இரண்டிரண்டு பேராக வணங்கிக்கொண்டு, ஒருவர் மற்றவரை நாலு தடவை வீச, அவர் விழ வேண்டும். அடுத்து முறை மாறும். முதல் மாதம் முழுக்க விழுவதற்குத்தான் பாடம். வந்த காரியம் என்ன, செய்யும் காரியம் என்ன என்று அவள் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே உருண்டாள். அப்போதுதான் டயர் கடையில் பேசிக்கொண்டிருந்த கொத்தனார் ஒரு செய்தி சொன்னார். சூப்பர்வைசர் வீட்டில் தரைக்கு அடியில் யாரோ விழுகிற சத்தமாம், ஓடுகளைப் பெயர்த்துப் பார்த்தும் வெறும் மண்தானாம். அடுத்த வகுப்பில் அவள் மூன்று தடவை விழுந்தாள், நின்றாள், நாலு தடவை விழுந்தாள், தண்ணீர் குடித்தாள், ஒரு தடவை விழுந்தாள். மறுநாள் கொத்தனார், “நேத்து மூணு, அப்புறம் நாலு, கொஞ்சம் விட்டு ஒண்ணு. மனுஷன் சோத்துல கை வெச்சபடியே உக்காந்திருக்காரு,” என்றார். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

அன்றிலிருந்து அவள் வீசவே மறுத்தாள். “அக்கா, இப்ப உங்க முறை,” என்பாள் டாக்டரம்மா. “எனக்கு வேணாம். நீங்களே இன்னும் ஒரு நாலு போடுங்க.” மூச்சை மட்டும் ஒழுங்காகப் பழகினாள், ஏனென்றால் மூச்சு சீராக இருந்த நாட்களில் அந்த வீட்டில் பாத்திரங்களும் சேர்ந்து அதிர்ந்தன. சூப்பர்வைசர் மூன்று வீடு மாறினார். தட்டுமுட்டுச் சாமான்களோடு சத்தமும் வண்டியேறி வந்தது. நாலாம் வருடம் அவர் மனைவி, “இது யாரையோ தள்ளிவிட்ட சத்தங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பல்லைக் கடித்துக்கடித்து அவருக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் பிளந்ததுதான் மிச்சம்.

பிளந்த பல்லோடு அவர் போனது டாக்டரம்மாவிடம். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. “மனசுல ஏதோ அழுத்தம் சார். செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வாங்க, மூச்சுப் பயிற்சி இருக்கு,” என்று அனுப்பிவைத்தாள். அவர் வந்தார். முழங்காலிட்டு உட்கார்ந்து தலை நிமிர்ந்தால், எதிரே பைண்டிங் அக்கா. அவள் குனிந்து வணங்கினாள். வணங்கியவரை ஜோடியாக ஏற்க மறுப்பது அங்கே வழக்கமில்லை.

“இன்னைக்கு நான் வீசறேன்,” என்றாள், ஆறு வருடத்தில் முதல் தடவையாக. அந்தக் கலையில் ஒருவர் வந்து தாக்கினால்தான் மற்றவர் வீச முடியும். டாக்டரம்மா, “சும்மா தோளைப் பிடிச்சுத் தள்ளுங்க சார், போதும்,” என்றாள். அவர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

“நான் தள்ள மாட்டேன்.”

“பழக்கம்தானே சார்,” என்றாள் பைண்டிங் அக்கா.

எல்லாரும் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆறு வருட எரிச்சல் அவருக்குத் தலைக்கேறியது. பாய்ந்து, இடது கையால் அவள் தோளைத் திருப்பி, வலது கையால் இடுப்பில் ஓங்கித் தள்ளினார், மாடிப்படியில் தள்ளிய அதே தள்ளு. “இதை நான் சொல்லித்தரலையே,” என்றாள் டாக்டரம்மா. பைண்டிங் அக்கா ஒரு எட்டு விலகி, கோணல் கையால் அவர் முழங்கையைத் தொட்டாள், அவ்வளவுதான். அவர் பாயில் விழுந்தார். சத்தம் வரவில்லை. அது அச்சக மாடிப்படியில், வேலை முடிந்து இறங்கிக்கொண்டிருந்த, அன்று கையெழுத்துப் போட்ட அந்த ஆறு பேருக்கு நடுவில் வந்தது: படிக்கு ஒன்றாகப் பதினோரு அடி, கடைசியில் எலும்பு முறிகிற ஒலி. அந்தச் சத்தத்தை அவர்கள் முன்பே ஒருமுறை கேட்டிருந்தார்கள். அடுத்த நாள் அறிக்கையை வாங்கி, ‘கால் இடறி’யை அடித்துவிட்டு, ‘சூப்பர்வைசர் தள்ளியதால்’ என்று எழுதி, ஆறு பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். அவள் அதன் நகலைச் சட்டம் போட்டுத் தன் வீட்டு வாசலுக்கு நேரே மாட்டினாள்.

சூப்பர்வைசர் வந்து அதன் கீழே நின்றார். “அதான் எழுதிட்டாங்களே. நானும் ஒத்துக்கறேன், நான்தான் தள்ளினேன். இனிமே நிறுத்திடும்மா.”

“வெள்ளிக்கிழமை வகுப்பு இருக்கே சார்,” என்றாள் அவள்.

அவர் இப்போது ஏழரைக்குப் பிறகுதான் சாப்பிடுகிறார். அவளுக்கு முடி நரைத்துவிட்டது, ஒரு வகுப்பும் தவறியதில்லை. இந்த வயதில் இவ்வளவு விழ வேண்டாம் அக்கா என்று டாக்டரம்மா சொல்லும்போதெல்லாம், உடையைத் தட்டிக்கொண்டு எழுந்து, இன்னும் ஒரு நாலு என்கிறாள்.