இருபத்தொரு ஞாயிறு

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி வார்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் பெரிய சிஸ்டர். பதினோரு வருடமாக வார்டின் டியூட்டி லிஸ்ட் அவள் கையால்தான். பதினான்கு நர்சுகளில் யாருக்குக் காலை, யாருக்கு மாலை, யாருக்கு இரவு, ஞாயிற்றுக்கிழமை யார் வரவேண்டும் என்று கட்டம் போட்டுப் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, வியாழக்கிழமை மதியம் போர்டில் ஒட்டுவாள். ஒட்டிய ஐந்தாவது நிமிடம் சண்டை ஆரம்பிக்கும்.

பற்றவைப்பது பெரும்பாலும் சரவெடி என்று எல்லோரும் கூப்பிடும் நர்ஸ். வாயைத் திறந்தால் முழுச் சரமும் வெடித்து முடிந்தால்தான் ஓய்வாள், அதனால் அந்தப் பெயர்.

"மறுபடியும் எனக்கு ஞாயித்துக்கிழமையா? நல்லா இருக்கு சிஸ்டர்! கம்ப்யூட்டர் லிஸ்ட் போட்டா இந்த ஓரவஞ்சனை எல்லாம் இருக்காது."

பெரிய சிஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. எத்தனையோ ஏச்சுக் கேட்டவள்தான். ஆனால் ஓரவஞ்சனை என்று ஒருத்தியும் சொன்னதில்லை. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் முடிவு செய்தாள். ஆறு மாத லிஸ்ட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் எத்தனை ஞாயிறு வந்தார்கள் என்று அதன் வாயாலேயே சொல்லவைத்து, அந்தத் தாளைப் போர்டில் ஒட்டிவிடுவது.

நாத்தனார் வேறு ஊரில் ப்ரோக்ராம் எழுதும் வேலையில் இருந்தாள். போனில் விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"இதுக்கா அண்ணி? லிஸ்ட்டை அனுப்புங்க, அஞ்சு நிமிஷத்துல பண்ணித் தரேன்."

"நீ பண்ணித் தந்தா, குடும்பத்தோட சேர்ந்து பண்ண திருட்டுத்தனம்னு சொல்லுவாளுங்க. நானே எழுதணும். எங்க ஆரம்பிக்கணும்னு மட்டும் சொல்லு."

ஆரம்பித்தது அப்படித்தான். மதியம் மூன்று மணிக்கு டியூட்டி முடிந்து வந்து, முகம் கழுவி, சாப்பாட்டு மேஜையில் பழைய லேப்டாப்பைத் திறந்து உட்காருவாள். நாற்பத்தெட்டு வயதில், நரம்பே கிடைக்காத கையில் ஒரே குத்தில் ஊசி ஏற்றுகிறவள், ஒரு வரி எழுதத் தலையால் தண்ணீர் குடித்தாள்.

முதல் நாள் 'வணக்கம்' என்று திரையில் வரவைக்க ஒன்றரை மணி நேரம் போனது. நாத்தனார் மெசேஜில் அனுப்பிய வரியை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தாள். மேற்கோள் குறி வளைந்திருக்கிறதாம். நேராக இருக்க வேண்டுமாம்.

"வளைஞ்சா என்ன, நேரா இருந்தா என்ன? படிக்கிறவனுக்குப் புரியாதா?"

"படிக்கிறது ஆள் இல்ல அண்ணி."

மூன்றாம் நாள் சிவப்பு எழுத்தில் ஏழாவது வரியில் பிழை என்று வந்தது. ஏழாவது வரியை எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். அப்போதும் அதே ஏழாவது வரி. கணவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பேப்பர் திருத்துவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் வெளிய நடந்துட்டு வாயேன்."

"நடந்துட்டு வந்தா பிழை போயிடுமா?"

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கடைசியில் பார்த்தால், ஆறாவது வரியில் திறந்த அடைப்புக்குறியை மூடவில்லை. பித்தப்பையில் கல் இருக்கிற நோயாளி தோள்பட்டை வலிக்கிறது என்று வந்து நிற்பான், அந்த மாதிரி. வலி ஓரிடம், வியாதி ஓரிடம். அது புரிந்ததில் ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. எட்டாவது வரியில் அடுத்த பிழை வந்ததும் போய்விட்டது.

இருபத்தாறு வார லிஸ்ட்டையும் தட்டி முடிக்கவே இரண்டு வாரம் ஆனது. ஓட்டினாள். பதினான்கு பேருக்கும் பூஜ்யம். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமையில் வார்டுக்கு ஒரு நர்சுகூட வரவில்லை என்று திரை சாதித்தது.

"இதைப் போர்டுல ஒட்டினா சரவெடி சந்தோஷப்படுவா," என்றார் கணவர். அவள் பார்த்த பார்வையில் பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

காரணம் கண்ணுக்கே தெரியாத ஒன்று. பெயர்களைத் தட்டும்போது ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் இடைவெளி விட்டிருந்தாள். கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆளாம். பெரிய சிஸ்டருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் தானாகவே போய் உட்கார்ந்து, இடைவெளிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். இப்போது எண்கள் வந்தன, எல்லாம் இரண்டு மடங்காக. சரவெடி பன்னிரண்டு என்று வந்தாள்; இருப்பதே இருபத்தாறு ஞாயிறு, ஒருத்திக்கு நாற்பத்திரண்டு. ஒரே வேலையை இரண்டு முறை செய்யச் சொல்லி எழுதியிருந்தாள். அதையும் திருத்தினாள்.

ஒருவழியாக ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சரியான பட்டியல் வந்தது. பத்து, பதினொன்று, பதினொன்று, பத்து என்று எல்லோரும் அடுத்தடுத்து நின்றார்கள். சரவெடிக்கு ஆறு. பெரிய சிஸ்டருக்கு வாயெல்லாம் பல். 'ஆறு! இதுக்கா அந்த ஆட்டம் ஆடினே?' என்று மனதுக்குள் சண்டையைப் பாதி நடத்திவிட்டாள். அப்புறம்தான் கடைசி வரியைப் பார்த்தாள். பூனை, இருபத்தொன்று.

பூனை என்பது ஓசையே இல்லாமல் நடக்கும் ஒல்லியான நர்ஸ். பின்னால் வந்து நின்றால் தெரியாது. பேசினாலும் கேட்காது.

"சனியன், இன்னும் தப்பு இருக்கு," என்றாள் பெரிய சிஸ்டர்.

நான்கு நாள் அந்தத் தப்பைத் தேடினாள். பூனையின் பெயர் எங்காவது இரண்டு முறை எண்ணப்படுகிறதா? இன்னொருத்தியின் பெயரோடு கலக்கிறதா? ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். ஒன்றை மாற்றினால் மொத்தமும் நின்றது. திரும்ப மாற்றினால் அதே இருபத்தொன்று. ஐந்தாம் நாள் நாத்தனாரைக் கூப்பிட்டு வெடித்தாள்.

"இவ்வளவு பாடுபட்டும் பொய் சொல்லுது இது! என்னால ஆகாது, விட்டுடறேன்."

நாத்தனார் வீடியோவில் திரையைக் காட்டச் சொல்லி, நிதானமாகப் படித்தாள். முடித்ததும் மேலே போய் இன்னொரு முறை படித்தாள்.

"அண்ணி, எழுதினதுல தப்பு இல்ல. லிஸ்ட்டைப் பாருங்க."

"லிஸ்ட்டு நான் போட்டது!"

"தெரியும்."

மறுநாள் மதியம் வார்டு அலமாரியிலிருந்து பழைய லிஸ்ட்டுகளை எடுத்து, துணி அறையில் மடித்துவைத்த போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு ஞாயிறாகச் சுழித்துக்கொண்டே வந்தாள். பதினெட்டு. பத்தொன்பது. கை மெதுவானது. இருபது. இருபத்தொன்று.

எப்படி நடந்தது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. யாராவது ஞாயிறு வேண்டாம் என்று வந்து நின்று கத்துவார்கள். அழித்த கட்டத்தில் யாரையாவது எழுத வேண்டும். பென்சில் தானாக, மறுத்துப் பேசாத பெயருக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் 'இந்த ஒரு வாரம்தானே' என்றுதான் எழுதினாள். ஒரு மாதமாக அந்த மெஷினைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வர, முகம் சுட்டது.

பூனை அப்போது மருந்து அறையில் ட்ரேக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு நேராகச் சொன்னாள்.

"ஆறு மாசத்துல உனக்கு இருபத்தொரு ஞாயிறு போட்டிருக்கேன்."

"தெரியும் சிஸ்டர்."

"தெரியுமா?"

"நானும் எண்ணிட்டுதான் இருந்தேன். பதினாறு வரைக்கும். அப்புறம் விட்டுட்டேன்."

"ஏன்மா ஒரு வார்த்தை சொல்லலே?"

பூனை ஒரு ட்ரேயை இடம் மாற்றி வைத்தாள். "ரெண்டு தடவை சொன்னேன். சரி பாக்கலாம்னீங்க."

பெரிய சிஸ்டருக்கு அது ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சுடு. அடுத்த மாசத்துலேர்ந்து உனக்கு ஒரு ஞாயிறுகூட..."

"அடுத்த மாசம் நான் இங்க இருக்க மாட்டேன் சிஸ்டர். குழந்தைகள் வார்டுக்கு மாத்தல் கேட்டிருந்தேன். இன்னிக்குக் காலையில ஆர்டர் வந்துடுச்சு." அடுத்த ட்ரேயை எடுத்தபடி, "எம் பொண்ணு என்கிட்ட ஞாயித்துக்கிழமை எதுவும் கேக்கறதையே நிறுத்திட்டா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

வியாழக்கிழமை போர்டில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று மாதக் கடைசிவரைக்குமான புது லிஸ்ட். அதில் மீதமிருந்த இரண்டு ஞாயிற்றுக்கும் பூனையின் இடத்தில் பெரிய சிஸ்டர் தன் பெயரை எழுதியிருந்தாள். இன்னொன்று பதினான்கு பேரின் எண்ணிக்கை. எதையும் மறைக்கவில்லை. அடியில், 'இது கம்ப்யூட்டர் பிழை இல்லை. என் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். சரவெடி வந்தாள், மேலிருந்து கீழே படித்தாள், தன் ஆறைப் பார்த்தாள், கடைசி வரியைப் பார்த்தாள். ஒரு சத்தமும் வராமல் ரத்த அழுத்தக் கருவியை எடுத்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.

லிஸ்ட்டையே கம்ப்யூட்டரைப் போடவைக்க வேண்டும் என்று பெரிய சிஸ்டர் அந்த வாரமே இறங்கினாள். எண்ணுவதைவிடப் பத்து மடங்கு கஷ்டமாக இருந்தது. ஒரே நர்சைக் காலையிலும் இரவிலும் போட்டது. ஒரு நாள் முழு வார்டையும் ஒருத்தி தலையில் கட்டியது. திட்டிக்கொண்டேதான் எழுதினாள். ஆனால் திட்டுவதற்கு முன்னால் ஒருமுறை தான் எழுதியதைப் படித்துப் பார்த்தாள்.

மாதக் கடைசி நாள். பூனை லாக்கரைக் காலி செய்துவிட்டு, வழக்கம்போல ஓசையில்லாமல் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"சிஸ்டர், அந்த எண்ணுற ப்ரோக்ராமை எனக்கு ஒரு காப்பி தர்றீங்களா?"

"உனக்கு எதுக்கு?"

"அங்கயும் பெரிய சிஸ்டர் இருக்காங்களே."

பெரிய சிஸ்டர் பையிலிருந்து பென்டிரைவைத் தேடி எடுத்தாள். எப்படி ஓட்ட வேண்டும் என்று ஒரு தாளில் படிப்படியாக எழுதினாள். பெயருக்குப் பின்னால் இடைவெளி விடாதே என்பதை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டாள். பூனை தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.