காலி வண்டியின் எடை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் குளியலறை வாசலில் குனிந்து, எடை இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, "ஏறலை" என்றார். அந்த ஒரு சொல்லிலிருந்து வந்தது.

ஏறாதது எங்கள் மகளின் எடை. அவளுக்கு நான்கு மாதம். வயிற்றில் இருக்கும்போதே இவர் வைத்த செல்லப் பெயர் மூட்டை. இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே கூச்சமாக இருக்கிறது.

நான் கதை எழுதுகிறவள். கவலை வந்தால் மற்றவர்கள் அழுவார்கள், சண்டை போடுவார்கள். நான் முதல் வரி தேடுவேன். கெட்ட பழக்கம். இப்போது மூட்டை என் இடது தோளில் தூங்குகிறாள். வலது கைக் கட்டைவிரலால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். எங்காவது வாக்கியம் பாதியில் நின்றால், ஏதோ உத்தி என்று மெச்ச வேண்டாம். அவள் விழித்துவிட்டாள் என்று அர்த்தம்.

2

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

அவள் குழந்தையை அணைத்தபடி எடை இயந்திரத்தின் மேல் ஏறி நின்றாள்.

வேண்டாம். யார் இந்த 'அவள்'? பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது. தலை வாரியிருப்பாள் போலத் தெரிகிறது.

தாய்மை என்பது

சீ.

எடை கூடாத குழந்தை இருக்கும் வீட்டில் கடிகாரம்கூட மெல்ல

(அவள் விழிக்கவில்லை. இது நானாக நிறுத்தியது. எங்கள் வீட்டுக் கடிகாரம் நின்றுபோய் எவ்வளவோ நாளாகிறது, பாட்டரி மாற்ற ஆளில்லை.)

சரி, 'நான்' என்றே எழுதுகிறேன். வேஷம் கட்ட எனக்குத் தெம்பில்லை.

3

கதையென்றால் அதில் ஏதாவது ஆபத்து இருக்க வேண்டும் என்பார்கள். இருக்கிறது. இரண்டு மாதம் முன்பு தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை மருத்துவர் சொன்னார்: "கொஞ்சம் கம்மியாதான் இருக்கா. பயப்படாதீங்க. அடுத்த ஊசிக்கு வரும்போது நல்லா ஏறியிருக்கணும். ஏறலைன்னா அட்மிட் பண்ணி, என்ன ஏதுன்னு டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்."

அந்த அடுத்த ஊசி நாளைக்கு. அட்மிட் பண்ணினால் அவ்வளவு சின்னக் கையில் நரம்பு தேடிக் குத்துவார்கள்.

என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், வாரம் தவறாமல் வீடியோவில் வந்துவிடுவார். "என்னம்மா, கன்னமெல்லாம் வத்திப்போய்க் கெடக்கு? பால் பத்தலை போல. எம் பையனை இந்த வயசுல தூக்கவே முடியாது, கையெல்லாம் விட்டுப்போயிடும்."

"அவனை இப்பவும் தூக்க முடியாதுதானே அண்ணி" என்றேன்.

(சொல்லவில்லை. "ஆமா அண்ணி" என்றுதான் சொன்னேன். கதையிலாவது சொல்லிக்கொள்கிறேனே என்று எழுதினேன். அண்ணி என் கதைகளைப் படிப்பார் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இருக்கட்டும்.)

பால் பத்தவில்லை. அதை நானும் முடிவு கட்டிவிட்டேன். அவள் குடிக்கும்போதெல்லாம் வெறும் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றுகிறோமோ என்று இருக்கும். அதனால் அவள் கேட்டபோதும் கொடுத்தேன், கேட்காதபோதும் கொடுத்தேன். நான் தட்டைப் போட்டு உட்கார்ந்தால் சொல்லிவைத்த மாதிரி அழுவாள். எழுந்து போய்விட்டு வந்தால் சாப்பாடு ஆறி விறைத்துக் கிடக்கும். தொண்டையில் இறங்காது, கொட்டிவிடுவேன்.

அவள் உடம்பில் எதைப் பார்த்தாலும் பயம். தாடைக்குக் கீழே ஒரு மடிப்பு விழுந்திருந்தது, வீக்கமோ என்று கலங்கினேன். சட்டை கழுத்தில் நுழையவில்லை, ஒரே துவையலில் சுருங்குகிற துணியை விற்றுவிட்டானே என்று கடைக்காரனைத் திட்டித் தீர்த்தேன். இதையெல்லாம் எழுதும்போதே எனக்கு ஏதோ உறுத்துகிறது, என்னவென்று

(விழித்துவிட்டாள்.)

4

தூங்கிவிட்டாள். எங்கே விட்டேன்? போகட்டும்.

கணவர் பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. "ஏறலை" என்று அவரைச் சொல்ல வைத்து ஆரம்பித்ததால், நீங்கள் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். பாவம், அப்படியில்லை. குழந்தைத் துணி முழுக்க அவர்தான் துவைக்கிறார். "ஏறலை" என்று சொன்ன அன்று, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தார். குளிக்கவில்லை. தலை நனையவே இல்லை.

அவருக்கு லாரி எடை மேடையில் வேலை. சரக்கு ஏற்றிய லாரி மேடையில் வந்து நிற்கும். மொத்த எடையிலிருந்து காலி லாரியின் எடையைக் கழித்தால் சரக்கின் எடை. அடிக்கடி வருகிற லாரிகளுக்குக் காலி எடையை ஒரு முறை போட்டுக் கணினியில் ஏற்றி வைத்துவிடுவார்கள். தடவைக்குத் தடவை காலியாக வந்து நிற்க வேண்டியதில்லை, வரிசை சட்டென்று நகரும்.

வீட்டிலும் அதே வேலைதான். எங்கள் எடை இயந்திரம் பெரியவர்கள் ஏறி நிற்பதற்கானது. மூட்டையை அதில் படுக்கவைத்தால் உருண்டுவிடுவாள். அதனால் நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். கை நிறையக் குழந்தை இருப்பதால் கீழே தெரிகிற எண் என் கண்ணில் படாது. அவர் குனிந்து பார்ப்பார், மனக்கணக்குப் போடுவார். இதைக் கதையில் புரிகிற மாதிரி விளக்க வேண்டுமே என்று ஒரு வரி சேர்த்தேன்:

வந்த எண்ணிலிருந்து அவர் என் எடையைக் கழித்தார். என் எடையை அவர்

நின்றுவிட்டேன். மூட்டை தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

என் எடையை அவர் எப்போது போட்டார்?

தடுப்பூசி போட்டுத் திரும்பிய அன்று மாலை, புது இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் என்னை ஏறச் சொன்னார். ஏறினேன். அதோடு சரி. அதற்குப் பிறகு நான் தனியாக அதில் கால் வைத்ததே இல்லை. இரண்டு மாதமாக அந்த ஒரே எண்ணைத்தான் கழித்துக்கொண்டிருக்கிறார்.

(உங்களில் பாதிப் பேர் இதை முன்பே பிடித்திருப்பீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த பாதிப் பேர்.)

5

இதை மாலையில் எழுதுகிறேன். மூட்டையைக் கட்டிலில் கிடத்தி, சுற்றிலும் தலையணை வைத்துவிட்டு, இயந்திரத்தில் ஏறினேன். ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தேன். இறங்கி, திரும்ப ஏறினேன். அதே எண்தான். அப்போது இவர் வேலை முடிந்து உள்ளே வந்தார்.

"என்ன இது? பாப்பா எங்க? நீ மட்டும் ஏறி நிக்கிற?"

"தூங்குறா. என் எடை எவ்வளவுன்னு வச்சுக் கழிக்கிறீங்க?"

டக்கென்று சொன்னார். மனப்பாடம்.

"குனிஞ்சு பாருங்க."

குனிந்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"நான் என்ன லாரியா? ஒரு தடவை போட்டா அப்படியே இருக்கறதுக்கு?"

"லாரிக்கே அப்பப்ப மறுபடி போட்டுப் பாப்போம்" என்றார். சாமர்த்தியமாகப் பேச நினைத்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. அதற்குள் உதடு முணுமுணுத்துக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. பிறகு அவர் முகம் மாறியதை எழுத எனக்குத் திறமை போதாது.

"அப்ப ஏறியிருக்கா! ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கா! மூட்டைக்கு ஒண்ணுமில்ல!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினார். தூங்குகிற பிள்ளையின் பாதத்தை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, குழந்தை மாதிரி விசும்பினார். நானும் அழுதேன். அப்பாடா என்று உடம்பெல்லாம் தளர்ந்துபோனது. தாடை மடிப்பு வீக்கமில்லை, கொழுப்பு. சட்டையும் சுருங்கவில்லை. கடைக்காரரே, மன்னித்துவிடுங்கள்.

அவர் உடனே அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, பாப்பா சூப்பரா இருக்கா! கணக்குலதான் தப்பு!"

"நான்தான் அப்பவே சொன்னேனே, கன்னமெல்லாம் எப்படி உப்பியிருக்குன்னு!" என்றது போன்.

நான் இன்னும் இயந்திரத்தின் மேலேயே நின்றிருந்தேன். பால் பத்தியிருக்கிறது. இத்தனை நாள் தண்ணீர் என்று நினைத்து நான் அழுதுகொண்டே கொடுத்த பால், பத்தியிருக்கிறது. அவள் ஏறிய அளவுக்கு நான் இறங்கியிருக்கிறேன், அதனால்தான் அவர் பார்த்த எண் அசையவில்லை. எனக்குத்தான் எதுவும் பத்தவில்லை.

6

முடிவுகள்.

நாளை மருத்துவர் சிரிக்கிறார், ஊசி போடுகிறார், வீட்டுக்குப் போகச் சொல்கிறார். அநேகமாக நடக்கப்போவது இதுதான், நடக்கட்டும். ஆனால் அது மூட்டையின் கதைக்கு முடிவு.

இன்னொன்றில் நான் மயங்கி விழுகிறேன், எல்லாரும் பதறி ஓடிவருகிறார்கள், அண்ணி வருந்துகிறார். படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். அடித்துவிட்டேன். நான் விழுந்தால் அடுத்த வேளைப் பாலை யார் கொடுப்பது?

மூன்றாவதில் நான் நீளமாக ஒரு வசனம் பேசுகிறேன். அதற்குத் தெம்பு வேண்டும்.

ஆகவே கதை இங்கே நிற்கிறது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் சிரிக்கிறார். நான் இயந்திரத்தின் மேல் இருக்கிறேன். இறங்கினால் எண் அணைந்துவிடும். அவர் போனை வைப்பார், திரும்புவார், ஏதாவது சொல்வார்.

இந்தக் கதையில் மருத்துவர் பேசியதை நான் எழுதினேன். அண்ணி பேசியதை, நான் அண்ணியிடம் பேசாததை, அவர் பேசியதை எல்லாம் நானே எழுதினேன். இப்போது அவர் என்னிடம் சொல்ல வேண்டிய ஒரு வரி பாக்கியிருக்கிறது. சின்ன வரிதான், எனக்குத் தெரியும். ஆனால் அதையும் நானே யோசித்து, நானே எழுதி, அவர் வாயில் வைத்து, அவர் சொன்னதாக நானே கேட்டுக்கொள்ள வேண்டுமா? முடியாது. இந்த வீட்டில் அது ஒன்றையாவது நான் செய்ய மாட்டேன். நிஜத்தில் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது இப்படி நின்றால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

போனை வைத்துவிட்டார். திரும்புகிறார். நான் இன்னும் இறங்கவில்லை.