பல் பிடுங்கிய விடுப்பு

என் இடது மார்பு கல்லாகிக்கொண்டிருந்தது. வலதுக்கு ஒன்றும் இல்லை, அது நல்ல பிள்ளை. இடதுதான் மேலே ஏறி, உருண்டு, இறுகி, அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் சுரீரென்று வலித்து எழுப்பிவிட்டது. ரொட்டித் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக மாவைத் தொட்டுப் பார்த்து, இது பதம், இது இறுகல் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் உடம்பில் ஓர் இடம் இறுகினால் எனக்குத் தெரியாதா?

ஒளிக்க ஒன்றுமில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் சிலிக்கான் பை வைத்து மார்பைப் பெரிதாக்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்காத ஆள் இல்லை. ஆள் என்றால் என் அக்கா ஒருத்திதான், ஆனால் அவள் பத்துப் பேர் கேட்கிற அளவுக்குக் கேட்டாள். கட்டியவன் விட்டுப்போய் ஆறு வருடமாகிறது, அவனுக்காக இல்லை. வேறு எவனுக்காகவும் இல்லை. பதினாறு வயதிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் ஆசைப்பட்டேன், நாற்பத்தொன்றில் செய்துகொண்டேன். பிடிக்காதவர்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளட்டும்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. வினையெல்லாம் அதற்கு முன்னாலேயே சொல்லிவைத்த ஒரு பொய்யால் வந்தது.

"வேலைல என்ன சொல்லப் போற?" என்று அக்கா கேட்டாள். அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருப்பவள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதை அந்த நாலு பேருக்கும் முன்பே யோசித்து வைத்திருப்பவள். "கடவாப்பல் புடுங்கணும்னு சொல்லு. ரெண்டு பல்லு. யாரும் வாயத் தொறந்து காட்டச் சொல்ல மாட்டாங்க."

நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் அந்தத் தலையில் நானே நாலு குட்டு வைக்கலாம் போலிருக்கிறது. பல்லுக்கு ஐந்து நாள்தான் விடுப்பு கிடைத்தது. டாக்டரம்மா சொன்னதோ, ஆறு வாரம் கனமான எதையும் தூக்காதே என்று. ஆறாம் நாள் வேலைக்குப் போனேன். மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மைதா மூட்டைகள் நின்றன. ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. நான் தயங்குவதை எங்கள் மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். அவர் வாயைத் திறந்தால் கடைசிச் சுவர் வரைக்கும் கேட்கும், அதனால் அவருக்குச் சைரன் என்று பேர்.

"என்னம்மா, பல்லுதான புடுங்கினாங்க? கையையும் சேத்துப் புடுங்கிட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தூக்கினேன். அன்று மட்டும் ஏழு மூட்டை.

மத்தியானத்துக்குள் இடது பக்கம் வீங்கி, கன்றிப்போய், தொட்டால் சுட்டது. வீக்கம் வந்தால் அன்றைக்கே வா என்று டாக்டரம்மா காகிதத்தில் எழுதியே கொடுத்திருந்தார். ஆனால் மறுபடி விடுப்புக் கேட்க இன்னொரு பல் வேண்டுமே! துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாளைக் கடத்தினேன். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஆறாவது மாதம் இறுக ஆரம்பித்தது.

டாக்டரம்மாவின் அறைக்கு அக்காவும் வந்தாள். டாக்டரம்மா குள்ளமானவர், சத்தமில்லாமல் பேசுகிறவர். இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், ஸ்கேன் படத்தைப் பார்த்தார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் வீக்கம், ரத்தக்கட்டு ஏதாவது இருந்துச்சா?"

"இல்லீங்க டாக்டர்," என்று அக்கா முந்திக்கொண்டாள்.

"இருந்துச்சு," என்றேன் நான். பல், மூட்டை, கட்டிய துணி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினேன். மூட்டை தூக்கியது அக்காவுக்கே அன்றுதான் தெரியும். அவள் முகம் வெளுத்துவிட்டது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வெளியிலேர்ந்து எதை உள்ள வெச்சாலும் உடம்பு அதச் சுத்தி மெல்லிசா ஒரு உறை கட்டும். அது எல்லாருக்கும் நடக்கறதுதான். சில பேருக்கு அந்த உறை தடிச்சுச் சுருங்கி, பையைப் போட்டுப் பிழியும். உங்க பை கல்லாகல. உறைதான் அமுக்குது."

"மூட்டை தூக்கினதாலதான?"

"அடிச்சுச் சொல்ல முடியாது. உள்ள ரத்தம் தேங்கினா இறுகற வாய்ப்பு கூடும். கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒட்டியிருந்தாலும் கூடும். எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சவங்களுக்கும் வந்திருக்கு. உங்களுக்கு இதாலதான் வந்துச்சுன்னு நான் சொன்னா அது பொய்."

பொய்யைப் பொய் என்று சொல்கிற ஆளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"அப்ப ரெண்டையும் எடுத்துடுங்க டாக்டர், விட்டது சனியன்," என்றாள் அக்கா.

"அதுவும் ஒரு வழிதான்." அவர் அக்காவிடம் பேசினாலும் என்னைத்தான் பார்த்தார். "இன்னொரு வழியும் இருக்கு. இறுகின உறைய எடுத்துட்டுப் புதுப் பை வைக்கலாம். ஆனா மறுபடி இறுகாதுன்னு நான் எழுதித் தர மாட்டேன். ஒரு தடவ வந்தவங்களுக்குத் திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம்."

"புதுசு வைங்க," என்றேன். அக்கா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். கிள்ளட்டும். "ஆனா ஒண்ணு கேக்கணும் டாக்டர். பையைத் தொடறதுக்கு முன்னாடி கையுறை மாத்துவீங்களா?"

வேலையிடத்தில் கையுறை விஷயத்தில் நான் ஒரு பிசாசு. போனைத் தொட்ட கையோடு மாவைத் தொட்டவன் அன்று முழுக்க என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். ரொட்டிக்கே அப்படியென்றால் எனக்கு?

"புதுசு மாத்துவோம்," என்றார் அவர். "உள்ள இடத்த மருந்துத் தண்ணியால கழுவுவோம். பை உங்க தோல்ல படாம புனல் மாதிரி ஒண்ணு வழியா நேரா உள்ள போகும். என்னத் தவிர யாரும் அதத் தொட மாட்டாங்க. போன தடவையும் அப்படித்தான் செஞ்சேன். நீங்கதான் கேக்கல."

"போன தடவ சைஸ் மட்டும்தான் கேட்டேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "என் பங்க நான் செய்வேன். உங்க பங்கு ஆறு வாரம். எதையும் தூக்கக் கூடாது, வீங்கினா அன்னைக்கே இங்க வரணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் கத்தியத் தொட மாட்டேன்."

பேருந்து நிறுத்தத்தில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பல்லுன்னு சொல்லச் சொன்னது நான்தான். இந்தத் தடவ முதுகுன்னு சொல்லுவோம். முதுகுன்னா ஆறு வாரம் குடுப்பாங்கடி."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. முதுகு கௌரவமான உறுப்பு, அதைப் பற்றி யாரும் கிசுகிசுக்க மாட்டார்கள்.

"நடுவுல வீங்கிச்சுன்னா? அதுக்கு எந்த உறுப்பச் சொல்றது?" என்றேன். "எனக்கு முதுகுல ஒண்ணும் இல்லக்கா. மார்லதான் இருக்கு. அத எடுக்கச் சொல்றே, இல்லேன்னா ஒளிக்கச் சொல்றே. ஒளிச்சு ஒளிச்சுத்தான் இந்தக் கதிக்கு வந்து நிக்கறேன்."

மறுநாள் சைரனின் கண்ணாடி அறைக்குப் போய் ஆறு வாரம் விடுப்பு கேட்டேன். கதவு எப்போதும்போலத் திறந்தே கிடந்தது. வெளியே இயந்திரத்தைக் கழுவுவதற்காக நிறுத்தியிருந்தார்கள், அதனால் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

"ஆறு வாரமா? மறுபடியும் பல்லாம்மா?" என்று அவர் முழங்கினார்.

நான் விடுப்புப் படிவத்தை நீட்டினேன், காரணத்தை உள்ளபடியே எழுதியிருந்தேன். படிக்கப் படிக்க அவர் காது சிவந்தது. பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்தது. "இத... இப்படியே எழுதணுமா? காய்ச்சல்னு போட்டுடலாமேம்மா."

"காய்ச்சல்னு போட்டா ஆறாம் நாள் மூட்டையக் காட்டுவீங்க சார்." என் குரல் தாழவில்லை. "போன தடவையும் பல்லு இல்ல. மார்ல ஆபரேஷன் பண்ணிட்டு வந்து உங்க கண்ணு முன்னாடி ஏழு மூட்டை தூக்கினேன். இப்ப ஒரு பக்கம் இறுகிப்போச்சு."

"எனக்குத் தெரியாதேம்மா."

"தெரியாதுதான். நான் சொல்லல. அதனாலதான் இப்ப சொல்றேன்."

வெளியே அடுப்படியில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். நான் திரும்பிப் பார்த்தேன். "சிரிச்சு முடிச்சாச்சா? போனத் தொட்ட கைதான அது? போய்க் கையுறைய மாத்து." அவன் போனான்.

சைரன் கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், காரணத்தை அடிக்காமல் அப்படியே விட்டார்.

கை கழுவும் குழாயடியில் யாரோ என் பின்னால் வந்து நின்றார்கள். பேக்கிங் பிரிவில் கேக் பெட்டிகளுக்கு ரிப்பன் கட்டும் பெண். நாங்கள் அவளையே ரிப்பன் என்றுதான் கூப்பிடுவோம்.

"அக்கா, போன வருஷம் நானும் பல்லுன்னுதான் லீவு போட்டேன்."

எனக்கு நினைவு வந்தது. முகம் வீங்கவே இல்லையே என்று நாங்கள் அவளைக் கேலி செய்திருந்தோம். "எந்தப் பல்லு?"

அவள் அடிவயிற்றில் கை வைத்தாள். "கர்ப்பப்பைய எடுத்தாங்க. ஆறாவது நாள் வந்து தட்டு தூக்கினேன்."

"இப்பவும் வலிக்குதா?"

தலையாட்டினாள். தூக்கும்போதெல்லாம் வலிக்கிறதாம். டாக்டரிடம் போக ஒரு நாள் விடுப்பு வேண்டும், என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் மாதங்களைத் தள்ளியிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் குழாயை மூட மறந்துவிட்டேன். அவள்தான் மூடினாள்.

அவள் கையைப் பிடித்துக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போனேன். சைரன் இன்னும் பேனாவைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சார், இன்னொரு படிவம் குடுங்க."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவளுக்கு என்ன?"

நான் வாயைத் திறக்கப் போனேன். ரிப்பன் என் கையை அழுத்தி நிறுத்தினாள்.

"பல்லு இல்ல சார்," என்றாள், அடுப்படி வரைக்கும் கேட்கும்படி.