முந்திக்கொண்ட வீதோர்

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் புறப்பட்ட காலையில், என் வீட்டு வாசல் சுவரில் அந்தச் சொல் சிவப்பாக எழுதப்பட்டிருந்தது: வீதோர். அதன் கீழே என் பெயர், காசில்தா பெரோக்கால். தேதிக்கு மட்டும் இடம் விடப்பட்டிருந்தது.

எழுதியவன் என் தம்பி ஃபெர்மின், இறைச்சிக்கடைக்காரன். காளை இரத்தம், ஆலிவ் எண்ணெய், சிவப்பு மிளகாய்ப் பொடி. கலவை முறையானதுதான், முறை தவறியது காலத்தில். எங்கள் பல்கலைக்கழக ஊரான சலமான்காவில், முனைவர் பட்டம் வென்ற பிறகே வென்றவர் பெயரோடு வீதோர் என்ற வெற்றிச்சொல் சுவரில் எழுதப்படும். எங்கள் ஊர் மணற்கல் சிவப்பை ஒருமுறை உறிஞ்சினால் திருப்பித் தராது. தோற்றால், இந்த அறுபத்தெட்டு வயதுக்குமேல், அந்தப் பொய்யின் அருகில்தான் நான் அன்றாடம் கதவைத் திறக்க வேண்டும்.

"அழிச்சிடு," என்றேன், டப்பாவோடு நின்றவனிடம்.

"கல்லைப் பேத்தாதான் போகும். நீ ஜெயிச்சிட்டு வா, அது சுலபம்."

"தோத்துட்டா?"

"வேற காசில்தான்னு சொல்லிக்கலாம்க்கா. மீன்கடைக்காரம்மா பேரும் அதுதானே."

நான் பல்கலைக்கழகத்துக்கு நடந்தேன்.

என் ஆய்வே அந்தச் சொல்லைப் பற்றியது. தேர்வுக்குழுத் தலைவர் அர்ரீபாஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"வர்ற வழியில உங்க வீட்டுச் சுவரைப் பார்த்தேன். தீர்ப்பை எங்களுக்கு முன்னாடியே எழுதிட்டீங்க போல."

மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன்.

"நான் எழுதலை ஐயா. யாரும் தனக்குத்தானே எழுதிக்கறதில்லை. லத்தீன்ல விக்தோர்னா ஜெயிச்சவன். பட்டம் வாங்கினவனைப் பார்த்துக் கூட்டம் அதையே கத்திச்சு. ஜனங்க வாயில புழங்கிப் புழங்கி அது வீதோர் ஆச்சு. அப்புறம் சுவருக்கு வந்துச்சு. கூட்டம் கத்த ஆரம்பிச்ச அன்னைக்கே அது ஜெயிச்சவனோட சொல்லா இல்லை. அவன்கூட நிக்கறவங்களோட சொல்லாயிடுச்சு. என் தம்பி அவசரப்பட்டது தப்பு. ஆனா எழுத வேண்டியவன் அவன்தான்."

பிறகு இரண்டு மணி நேரம் கேள்விகள். ஒன்றுக்கும் நான் தாளைப் பார்க்கவில்லை. குழு வெளியே சென்று, திரும்பி வந்து, ஒருமனதாக மிக உயர்ந்த தகுதி என்று அறிவித்தது.

வீட்டு வாசலில் ஃபெர்மின் தூரிகையும் தகர டப்பாவுமாக நின்றான். என் முகத்தைப் பார்த்ததும் தூரிகையை நீட்டினான்.

"டாக்டரம்மா, தேதியை நீயே போடு."

"நான் தொட மாட்டேன். நீதான் எழுதணும். நேரா எழுது."

எழுதினான். கடைசி எண் மட்டும் சாய்ந்துவிட்டது.

"கல்லு குடிச்சிடுச்சுக்கா, இனி திருத்த முடியாது."

"திருத்த வேண்டாம்," என்றேன்.