‘குலைத்தார்’ என்ற ஒரு சொல்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். பிப்ரவரியா மார்ச்சா என்றுகூட உறுதியில்லை. வெளியே பனி கிடந்தது. நகரமன்றக் கூட்டத்துக்கு வந்திருந்த பதினொரு பேரில் நானும் ஒருவன். டோரீன் ப்ரூயிட்டின் மனதில் ஓடியதை அவள் பின்னாளில் அவ்வப்போது சொன்னதிலிருந்துதான் அறிவேன்.

டோரீன், ஒஹாயோவில் உள்ள எங்கள் சிற்றூரின் நகரமன்ற எழுத்தர். கூட்டத்தில் நடப்பதைக் குறிப்பேட்டில் எழுதுவதும், பொதுமக்கள் பேசும்போது மூன்று நிமிடக் கடிகாரத்தை ஓடவிடுவதும் அவள் வேலை.

லைல் கெஸ்ஸிங்கர் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. பேச விரும்புவோர் நிரப்பும் அட்டையில் ‘பொருள்’ என்ற இடத்தில் எப்போதும் ‘முட்டாள்கள்’ என்றே எழுதுவான். ஊரில் அவனைச் சகித்த ஒரே உயிர் அவன் நாய். அதையும் கட்டித்தான் வைத்திருந்தான்.

அன்று தன் தெருவுக்குப் பனி தள்ளும் வண்டி வராததில் தொடங்கி, மேயர் வென்டல் ஸ்ட்ராடை ‘ஓட்டுக்குத் தலையாட்டும் ஓணான்’ என்றான். மேயர் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு லைல் டோரீன் பக்கம் திரும்பினான்.

“என்னத்த எழுதிக் கிழிக்கிற? உன் புருஷன் நுரையீரல் கெட்டுப்போயா செத்தான்? தெனம் காலையில உன் மூஞ்சியப் பாத்துப் பாத்தே செத்தான்.”

குரலை உயர்த்தாமல், வானிலை அறிக்கை வாசிப்பவனைப் போலச் சொன்னான். மேயர் விரலை அசைத்தார். இரண்டு காவலர்கள் லைலின் கையை முறுக்கி விலங்கு மாட்டினார்கள்.

“எனக்கு இன்னும் அம்பத்தஞ்சு செகண்டு இருக்குடா!” என்று அலறிக்கொண்டே போனான்.

மறுநாள் காலை மேயர் ஒரு டப்பா டோனட்டுடன் அவள் மேசைக்கு வந்தார்.

“எல்லாம் உனக்காகத்தான் பண்ணேன், டோரீன். குறிப்புல ஒரே ஒரு வார்த்த சேத்துடு. ‘கூட்டத்தைக் குலைத்தார்’னு. சும்மா திட்டினான்னா கேஸ் நிக்காதாம், வக்கீல் சொல்றாரு.”

“அவன் குலைக்கலயே. அவனுக்குக் குடுத்த நேரத்துலதானே பேசினான்.”

“உன் புருஷனப் பத்திப் பேசினாம்மா!”

“நானும் அங்கதான் இருந்தேன், மேயர்.”

அவர் டப்பாவை மூடினார். “மே மாசம் உன் பதவிய மன்றம் மறுபடி உறுதிப்படுத்தணும். ஞாபகம் வெச்சுக்க.”

அவர் போன பிறகு டோரீன் குறிப்பேட்டைத் திறந்தாள். லைல் பனியில் விறைத்துச் செத்தால் அவள் ஒரு பூவைக்கூட அனுப்பமாட்டாள். ஆனால் தன் கணவன் ரேயின் அடக்கத்துக்கு வந்த மேயர், பத்திரிகைக்காரன் படம் எடுத்து முடித்ததும் காரில் ஏறிப் போனதை அவள் பார்த்திருந்தாள். இரண்டு ஆண்டுகளாக லைலின் வாயை மூட வழி தேடியவருக்கு இப்போது செத்துப்போன ரே கிடைத்திருக்கிறான், மேசை துடைக்கும் துணிபோல.

குறிப்புகளை அடுத்த கூட்டத்தில் உரக்க வாசிப்பது எங்கள் ஊர் வழக்கம். டோரீனே எழுந்து வாசித்தாள்.

“திரு. கெஸ்ஸிங்கர் இரண்டு நிமிடம் ஐந்து நொடி பேசினார். எழுத்தரின் முகத்தைப் பார்த்தே அவர் கணவர் இறந்தார் என்றார். நேரம் முடியுமுன் மேயரின் உத்தரவுப்படி வெளியேற்றப்பட்டார்.”

‘குலைத்தார்’ என்று திருத்தலாமே என உறுப்பினர் ஒருவர் இழுத்தார்.

“திருத்திக்குங்க. ஆனா கையெழுத்த நீங்க போடுங்க. கடிகாரம் என் கையில இருந்துச்சு,” என்றாள். அவர் தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிட்டார்.

ஜாமீனில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த லைல், முடிந்ததும் குறிப்பை வாங்கிப் பார்த்தான். நன்றி சொல்லும் வழக்கம் அவனுக்கு இல்லை.

“என் பேருல ரெண்டு எஸ்ஸு. ஒண்ண முழுங்கிட்ட. எழுத்தராம் எழுத்தர்!”

நீதிபதி அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தார். மே மாதம் மன்றம் டோரீனை விலக்கியது. பக்கத்து ஊர் நூலகத்தில் அரைநாள் வேலை பார்க்கிறாள். மேயர் நவம்பரில் மறுபடி வென்றார். லைல் இன்றும் மூன்று நிமிடம் திட்டுகிறான். யாரும் அவனைத் தொடுவதில்லை. அவன் தெருவுக்குப் பனி வண்டி இன்னும் போவதில்லை.