பினாங்கார் வீடு

ஜெகபர் சாதிக் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் எல்லாருடைய பெயருக்கும் முன்னால் 'பினாங்கு' என்று ஒன்று நிற்கும். பூட்டனார் அப்துல் வதூத் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் சம்பாதித்தவர், அங்கேயே மௌத்தாகி அடக்கமானவர் என்பது குடும்பக் கதை. அந்தப் பெயருக்காகத்தான் மீசை அரும்புகிற வயதில் சாதிக்கை அரபு நாட்டுக்கு, தம்மாமுக்கு அனுப்பினார்கள். பினாங்கார் வீட்டுப் பிள்ளை காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் விற்றால் நன்றாகவா இருக்கும்? இளமையை மொத்தமாக அங்கே கொட்டிவிட்டு வந்தவர், இப்போது மகன் உஸாமாவுக்குத் துபாய் விசா எடுத்து வைத்திருந்தார். உஸாமாவின் மனைவி ஹஃப்ஸா மாசமாக இருந்ததால் அவனுக்குப் போக மனசில்லை. சாதிக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பையன் கிளம்புவதற்குள் பூட்டனாரை அடக்கிய கபுர் எங்கே என்றாவது தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை. பினாங்கில் தெரிந்தவர்களை விட்டுத் தேடச் சொன்னார். அப்படி ஒருவர் வந்த சுவடே இல்லை என்றார்கள்.

வருஷா வருஷம் பூட்டனாருக்கு ஓதும் ஃபாத்திஹா அந்த வாரம் வந்தது. வழக்கமான ஹஜ்ரத்துக்கு உடம்பு முடியவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்துப் பக்கமிருந்து பாசில் ஹஜ்ரத் வந்தார். பூட்டனார் பெயரையும் அவருடைய தகப்பனார் பெயரையும் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். காலையில்தான் அங்கே மேலூர் ரோட்டில் ஒரு வீட்டில் இதே பெயருக்கு ஓதிவிட்டு வருவதாகவும், அங்கே சொன்ன தகப்பனார் பெயரும் இதேதான் என்றும் சொன்னார்.

மறுநாளே சாதிக் பஸ் பிடித்து ஆற்றைத் தாண்டினார். அந்த வீட்டு ரோஷன் பேகம் எதையும் மறைக்கவில்லை. தெருவே மாலை போட்டு வழியனுப்ப, அப்துல் வதூத் நாகப்பட்டினம் வரை போயிருக்கிறார். கடலைப் பார்த்ததும் கைகால் உதறிவிட்டது. விருந்து வைத்து அனுப்பியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? வெட்கப்பட்டு, வீட்டுக்குப் போகாமல் ஸ்ரீரங்கத்திலேயே தங்கி, வாழைத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, இன்னொரு நிக்காஹும் செய்துகொண்டார். அந்த வழிப் பேத்திதான் ரோஷன் பேகம். சில வருஷத்துக்கு ஒரு தடவை சீமைக் குடையும் பிஸ்கட் டின்னுமாக, பினாங்கிலிருந்து வருகிறவர் போல ஆற்றுக்கு அக்கரையிலிருந்த பழைய வீட்டுக்குப் போய் வருவாராம்.

"கப்பலே ஏறாத மனுஷன்னு இங்க எல்லாருக்கும் தெரியுங்க. அங்க சொல்லத்தான் கடைசி வரைக்கும் அவுங்களுக்குத் தைரியம் வரல."

தன் மௌத்துச் செய்தியைக்கூட, பினாங்கிலிருந்து வந்ததுபோலவே ஆள் விட்டுச் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் போனாராம்.

பக்கத்துக் கபுர்ஸ்தானில் கபுரைக் காட்டினார்கள். சாதிக் கையேந்தினார். துஆ வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முதல் தடவை விமானம் ஏறிய அன்று அவருக்கும் இப்படித்தான் கைகால் உதறியது. திரும்பி வந்துடு என்று சொல்ல அன்றைக்கு ஒருவரும் இல்லை.

வீட்டில் உஸாமா பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். சாதிக் எல்லாவற்றையும் சொன்னார். உஸாமா முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப நான் போகணுமா, வேணாமா, அத்தா?"

"அது உன் இஷ்டம். ஏர்போர்ட் வரைக்கும் போயி மனசு கேக்கலைன்னாலும் திரும்பிடு. ஆனா நேரா வீட்டுக்கு வா."