பாதியில் விட்ட ஓட்டம்

“சாவியைத் தா எண்டு சொல்லுறன்—”

“தரமாட்டன் எண்டு எத்தினை தரம்—”

“அது அப்பான்ர கார்!”

“ஓம், அப்பான்ர கார்தான். உன்னை ஒருநாளாவது ஸ்டியறிங்கைத் தொடவிட்டவரே?”

“ரெண்டு பேரும் வாயை மூடுறியளே?” என்றாள் அம்மா மரியம்மா. அப்பாவின் சவப்பெட்டித் தலைமாட்டிலிருந்து அவள் எழும்பவில்லை. செபமாலை விரலில் பாதி உருண்டபடி நின்றது. “அந்த மனிசன் கேட்டுக்கொண்டு கிடக்குது.”

இருவரும் குசினிக்குள் போனார்கள். அங்கேயும் சண்டை குறையவில்லை. குரல்தான் குறைந்தது.

“பெட்டி எடுக்க மூண்டு மணியாகும் அக்கா. அரை மணித்தியாலம் காணும். கப்பல்துறைக்குப் போட்டு ஓடி வந்திடுவன்.”

“அங்க என்ன கிடக்கு?”

“அவன் நிப்பான்.”

“எவன்?”

“அப்பாவை ஓடவைச்சவன். அவனோட ஒருக்கா நான் ஓடோணும்.”

சுதர்ஷிகா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். இராகுலனுக்கு இருபத்திரண்டு வயது. நேற்றுக் காலையிலிருந்து அவன் ஒரு சொட்டு அழவில்லை, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. இந்தக் கண்ணோடு இவன் ரோட்டில் ஏறினால் நாளைக்கு இதே பந்தலின் கீழ் இன்னொரு பெட்டி வைக்க வேண்டிவரும் என்று அவளுக்குத் தெரிந்தது. சாவியை இடுப்பில் இன்னும் உள்ளே செருகினாள்.

அப்பா அஞ்சலோ துறைமுகத்து வேர்க்சொப்பில் முப்பத்தொரு வருடம் எஞ்சின் திருத்தியவர். பழைய இரும்புக்கடை ஒன்றில் கதவில்லாமல் கிடந்த இரண்டு சீற் ஸ்போர்ட்ஸ் காரை வீட்டுக்கு இழுத்துவந்து, ஒன்பது வருடம் அதனோடு மாரடித்து, சிவப்புப் பெயின்ற் அடித்து ஓட்டத் தொடங்கினார். தாழ்ந்த கார். ஏறியிருந்தால் தார் ரோட்டிலேயே சப்பாணி கட்டி உட்கார்ந்ததுபோல இருக்கும். அதைக் கண்டால் கண்டி வீதியில் ஓடுகிறவர்களுக்குக் கால் சும்மா இருக்காது. பக்கத்தில் வந்து உறுமுவார்கள், லைற் அடிப்பார்கள், கண்ணாடியை இறக்கி “ஐயா, ஒருக்கா ஓடுவமே?” என்பார்கள். அஞ்சலோ அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிடுவார். “போ ராசா, போ” என்று சிரிப்பார். மகளுக்குக் கார் பழக்கியபோது அவர் முதலில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். பக்கத்தில் வாறவன்ர முகத்தைப் பாக்காதை பிள்ளை. முகத்தைப் பாத்தால் ஓடோணும்போல இருக்கும்.

அப்படிப்பட்டவர் நேற்று விடிய ஆறரைக்குக் கப்பல்துறை நேர்ரோட்டில் செத்துக்கிடந்தார். கார் ஒழுங்காக இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. ஹான்ட்பிறேக் இழுத்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாரடைப்பு என்றார் டாக்குத்தர்.

கண்டவர் அந்த ரோட்டோரம் டயர்க்கடை வைத்திருக்கும் ஸைனுலாப்தீன். அவர் குசினி வாசலில் தயங்கி நின்றார்.

“உள்ளுக்கு வாங்கோ நானா. நேற்றுத் தம்பியிட்டச் சொன்னதை எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ.”

“கண்டதத்தான் மகள் சொல்ற. கடை திறக்கக்குள்ள ரெண்டு எஞ்சின் சத்தம் கேட்டிச்சி. ஒண்டுக்கொண்டு விட்டுக்குடுக்காத சத்தம். வெளிய வந்து பாத்தா ஒரு கார்தான் போகுது. உங்கட அப்பாட கார்.”

“மற்றது?”

“மற்றது சத்தம் மட்டுந்தான்.”

“கேட்டியே?” என்றான் இராகுலன்.

“கேட்டனான். காதுக்கு வயசு போயிருக்கும்” என்றாள் அவள். ஸைனுலாப்தீன் கோபிக்கவில்லை. “அப்பிடியெண்டா நல்லம் மகள்” என்றார்.

தம்பியிடம் சாவியை மறைத்துவைத்துப் பயனில்லை. வயரைத் தொடுத்தே காரை எடுத்துவிடுவான். வேர்க்சொப்பில் வளர்ந்த பிள்ளை. சுதர்ஷிகா பின்பக்கத்தால் முற்றத்துக்கு இறங்கினாள். மலர்வளையங்களைத் தின்ன மதிலோரம் வந்த, ஊருக்குள் மாடுகள்போலத் திரியும் மான்களைத் தவராசா அண்ணை தடியால் கலைத்துக்கொண்டிருந்தார். அப்பாவோடு வேலை செய்தவர், இன்றைக்கு எல்லாப் பொறுப்பும் அவரிடந்தான். உள்துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.

கார் ஜாம்மரத்தின் கீழ் நின்றது. பொனற்றைத் தூக்கி, வயர்கள் வந்து சேரும் வட்ட மூடியின் கிளிப்பைத் தட்டி, உள்ளேயிருந்த விரல்நுனியளவு கறுப்புத் துண்டைக் கழற்றினாள். அது இல்லாமல் இந்த எஞ்சின் பற்றாது. காரைத் துறைமுக வாசலில் விட்டுவிட்டுப் போகும் நாட்களில் அப்பாவும் இதைத்தான் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்.

பொனற்றை மூடினாள். மற்றப் பக்கத்தில் ஒருவர் நின்றார்.

“கெட்டிக்காரி. இனி இதை ஒருத்தரும் எடுக்க ஏலாது.”

வெள்ளை நீளக்கைச் சேட்டு. காலையிலிருந்து பந்தலுக்குள் ஆண்களோடு இருந்தவர். அவள்தான் கோப்பி கொடுத்தாள். அந்தக் கோப்பை அவருடைய கதிரைக்குக் கீழே இன்னும் விளிம்புவரை நிறைந்து கிடந்தது.

“அப்பாவைத் தெரியுமோ உங்களுக்கு?”

“நாலு வருசமாய்த் தெரியும். நாலு வருசமாய்க் கேட்டனான், ஒருக்கா ஓடுவம் எண்டு. போ ராசா, போ எண்டிடுவார். நேற்றுத்தான் முகத்தைத் திருப்பிப் பாத்தவர்.”

அவள் பார்வை அவருடைய சேட்டின் இரண்டாவது பொத்தானில் நின்றுவிட்டது. அதற்கு மேலே போகவில்லை. போகவிடவில்லை.

“ஓடினவரோ?”

“நல்லாய் ஓடினவர் பிள்ளை. சின்னப் பெடியன் மாதிரி. ஆனால் பாதியில ஒதுக்கி நிப்பாட்டிப்போட்டார்.”

“அவருக்கு நெஞ்சு நொந்திருக்கும்.”

“இருக்கும். நான் குறை சொல்லேல்லை. ஆனால் தொடங்கின ஓட்டம் பாதியில கிடக்குது. இந்த வீட்டில ஒராள் முடிச்சுத்தரோணும்.”

மரத்திலிருந்து ஒரு ஜாம்பழம் பொனற்றில் விழுந்து உருண்டது. அவள் கைக்குள் அந்தத் துண்டை இறுக்கினாள்.

“முடிஞ்சுது” என்றாள். “நீங்கள் வெண்டிட்டியள். எங்கட அப்பா தோத்தவர். அவரின்ர மகள் நான் சொல்லுறன். ஊர் முழுக்கச் சொல்லவேணுமெண்டாலும் சொல்லுறன். போதுமே?”

“நிண்ட காரை முந்துறது வெற்றியே பிள்ளை?”

“அப்ப என்னோட ஓடுங்கோ. ஆறு மாசம் போகட்டும். நான் வாறன்.”

“நீங்கள் வரமாட்டியள். நீங்கள் என்ர முகத்தையே பாக்கிறியள் இல்லை.” அவர் மெல்லச் சிரித்தார். “தம்பி பாப்பார்.”

“தம்பியோட கதைக்காதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்.”

“நானாய்க் கதைக்கமாட்டன். கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கிறது மரியாதை இல்லை, என்ன?”

அவள் தவராசாவிடம் ஓடினாள்.

“அண்ணை, அந்த வெள்ளைச் சேட்டுக்காரர் ஆர்? உங்கட வேர்க்சொப் ஆளோ?”

“இல்லைப் பிள்ளை. உங்கட அம்மாவின்ர பாலையூற்றுச் சொந்தமெண்டெல்லோ நான் நினைச்சனான்.”

அம்மாவின் காதருகே குனிந்தாள்.

“எங்கட சொந்தமோ? இல்லையடி. வேர்க்சொப்பில பெரிய ஆளாக்கும் எண்டு நான் எழும்பிக் கும்பிட்டனான்.”

“ஒருத்தரும் ஆரெண்டு கேக்கேல்லையே?”

“செத்த வீட்டுக்கு வந்த ஆளை ஆரெண்டு கேக்கிறதோ? நல்ல கதை.”

பாதிரியார் வந்துவிட்டார். செபம் தொடங்கியது. கடைசி முத்தத்துக்கு வரிசையில் போனபோது சுதர்ஷிகா குனிந்து, அப்பாவின் நெற்றியில் உதட்டை வைத்தபடி, கட்டியிருந்த அவர் கைகளுக்குக் கீழே அந்தக் கறுப்புத் துண்டைத் தள்ளினாள். அப்பாவின் விரல் குளிர்ந்து மரக்கட்டையாக இருந்தது. பெருவிரல் நகத்துக்குள் மட்டும் கழுவிப் போகாத கிறீஸ். ‘வைச்சிருங்கோ அப்பா’ என்று வாய்க்குள் சொன்னாள். மூடி இறங்கியது. ஆணி இறுகியது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

“பெட்டி காவுறதுக்கு வேர்க்சொப் பக்கத்தால மூண்டு பேர், வீட்டுப் பக்கத்தால மூண்டு பேர்” என்று தவராசா கூப்பிட்டார். அதுதான் வழக்கம். வேர்க்சொப்பில் இரண்டு பேர்தான் எழும்பினார்கள். மூன்றாவதாக வெள்ளைச் சேட்டுக்காரர் வந்து முன்பக்க மூலையைத் தோளில் வாங்கினார். எதிர்மூலையில் இராகுலன். நடுவில் அப்பா.

“அண்ணை, அவரை விடாதேங்கோ” என்று சுதர்ஷிகா கத்தினாள். பாண்ட் வாத்தியம் தொடங்கிவிட்டது. அழுகிற மகள் என்று நினைத்து இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

சேமக்காலைவரைக்கும் நடை. வெயில் சாய்ந்து கடல் பக்கத்திலிருந்து காற்று வந்தது. பெட்டிக்குப் பின்னால் அம்மாவைத் தாங்கிக்கொண்டு நடந்தவள் தம்பியின் பிடரியையே பார்த்துக்கொண்டு போனாள். முதலில் அவன் நேரே பார்த்துத்தான் நடந்தான். சந்தி கடந்ததும் தலை கொஞ்சம் திரும்பியது. ஏதோ கேட்டான். பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்திருக்க வேண்டும். தலையாட்டினான். பிறகு அவன் தலை நேரே திரும்பவேயில்லை.

குழியில் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். சுதர்ஷிகா ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். வெள்ளை நீளக்கை மட்டும் வரவில்லை. நிமிர்ந்து தேடினாள். ஆளைக் காணவில்லை. குழியடியில் இராகுலன் முழங்காலில் விழுந்து, முதன்முறையாக, வாய்விட்டு அழுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் படலையடியில் கால் கழுவினான். செம்புத் தண்ணீரை வாங்கி மளமளவென்று குடித்தான்.

“சாவி உன்னட்டையே இருக்கட்டும் அக்கா. எனக்கு வேண்டாம்.”

“மெய்யாவோ?”

“மெய்யாத்தான். பசிக்குது. குளிச்சிட்டு வாறன்.”

அவள் அவன் தலையைத் தொட்டாள். மண்ணும் வியர்வையுமாக இருந்தது. அவனுக்கு எரிச்சல் வரவில்லை. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். சுற்றிவரத் தகரம் அடித்த கிணற்றடி. அதற்குப் பின்னால் ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒழுங்கை. அவள் குசினிக்குள் சோற்றைத் தட்டில் போட்டுப் பருப்பை ஊற்றினாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரு வாளி. இரண்டு வாளி. மூச்சு வாங்கித் துப்பும் சத்தம். சின்ன வயதிலும் இப்படித்தான் குளிப்பான். அவள் கண் கலங்கிச் சிரித்தாள்.

“அக்கா!” தகரத்துக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“என்னடா?”

“அந்த அண்ணை நல்ல மனிசன் என்ன?”

“எந்த அண்ணை?”

“என்னோட முன்பக்கம் பிடிச்சவர். எங்கட கார் தேவையில்லையாம். தன்ர காரில இடப்பக்கச் சீற் சும்மாதானாம் கிடக்குது. ஏறி வந்தால் அப்பா எந்த இடத்தில காலை எடுத்தவர் எண்டு காட்டுறாராம்.”

மூன்றாவது வாளி விழுந்தது.

சோற்றுத் தட்டோடே அவள் முற்றத்தைக் கடந்தாள். தகரக் கதவின் அடியால் சோப்பு நுரை வழிந்து மண்ணில் வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கப்பி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் மெல்ல மெல்ல நின்றது. பின்னால் ஒழுங்கையில் ஓர் எஞ்சின் சத்தம் தேய்ந்துகொண்டு போனது.

“தம்பி, சோறு போட்டிட்டன். ஆறப்போகுது, வாவன்?”